பெருகும் யாத்திரை, பெருகாத மலை

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே அமைந்துள்ள சுங்குவார்சத்திரம், மலையென்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத சமவெளி ஊர். ஏரிப் பாசனமும் நெல் வயலுமாக இருந்த இந்தப் பூமியில் இன்று கைப்பேசிகளும் குளிர்சாதனப் பெட்டிகளும் மோட்டார் வாகனங்களும் உற்பத்தியாகின்றன. ஆயினும், வடதமிழ்நாட்டு மலைத் தலங்களுக்கு ஜனங்கள் மேற்கொள்ளும் யாத்திரை ஒரு தலைமுறைக் காலத்துக்குள் எவ்வாறு உருமாறிற்று என்பதை அறிய விரும்புகிறவர், தம் ஆராய்ச்சியை மலையடிவாரத்தில் தொடங்குவதைக் காட்டிலும் இந்த ஊர் நாற்சந்தியில் தொடங்குவதே பொருத்தமாயிருக்கும். மேற்கே காஞ்சிபுரம் சென்றால் அங்கிருந்து செய்யாறு வழியாகத் திருவண்ணாமலையையும், அரக்கோணம் வழியாகச் சோளிங்கரையும் அடையலாம். வடக்கே மப்பேடு, திருவள்ளூர் நோக்கிச் செல்லும் சாலை திருத்தணிக்கும் அதற்கப்பால் திருமலைக்கும் வழிகாட்டுகிறது. இந்த மலைகளுக்கு இன்று திரண்டு செல்லும் கூட்டத்தில் கணிசமான பகுதி, இத்தகைய தொழிற்பேட்டைகளின் வார விடுமுறையிலிருந்து புறப்படுகிற கூட்டமாகும்.

பழைய சாலையும் பழைய நியமமும்

இந்தப் பிரதேசத்துக்கு மலை யாத்திரை புதிதன்று. அடுத்துள்ள ஸ்ரீபெரும்புதூரில் 1017-ஆம் ஆண்டு அவதரித்த ராமானுஜர்தாம் திருமலையின் வழிபாட்டு முறைகளை ஒழுங்குபடுத்தியவர். ஏழு மலைகளையும் ஆதிசேஷனின் திருமேனியாகவே பாவித்து, அவற்றைக் காலால் மிதிக்க மனம் ஒப்பாமல் முழங்காலால் ஏறினார் என்றும், அடிவாரத்தில் ஓராண்டு தங்கிப் பெரிய திருமலை நம்பியிடம் ராமாயண அர்த்தங்களைக் கேட்டார் என்றும் வைஷ்ணவ சம்பிரதாயம் போற்றிக் கூறுகிறது. மலைக்குச் செல்வதும் மலையைக் காப்பதும் ஒரே கைங்கரியத்தின் இரு கூறுகள் என்ற எண்ணம் இந்த வரலாற்றுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

பிற்காலத்தில் கால்நடையாகவும் வண்டியிலும் சென்றவர்களுக்காகத் தர்மவான்கள் சத்திரங்கள் அமைத்தார்கள். சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம் என்று இந்த நெடுஞ்சாலை ஊர்கள் இன்றும் அந்தத் தர்மத்தைத் தங்கள் பெயரில் தாங்கி நிற்கின்றன. 1830-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டுத் திருப்பதி வழியாகச் சென்ற ஏனுகுல வீராசாமி, சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர்; எந்த ஊரில் தங்க இடம் உண்டு, எங்கே தண்ணீர் நல்லது, எங்கே சாமான்கள் கிடைக்கும் என்று அவர் தம் யாத்திரைக் குறிப்பில் சிரத்தையோடு எழுதிச் செல்வதைப் பார்க்கும்போது, அக்காலத்து யாத்திரை எத்தனை ஆயத்தத்தையும் பொறுமையையும் கோரிற்று என்பது விளங்குகிறது. தூரம், செலவு, நடை, விரதம் ஆகிய நான்கும் சேர்ந்து, யாரும் சட்டம் இயற்றாமலே, மலைக்குச் செல்வோரின் தொகையை மலை தாங்கக்கூடிய அளவில் நிறுத்தி வைத்திருந்தன.

அந்த இயற்கையான அணைகள் ஒவ்வொன்றாக நீங்கின. திருமலைக்கு முதல் மோட்டார் பாதை 1944-லும் இரண்டாவது பாதை 1974-லும் திறக்கப்பட்டன. பழனியில் 1966-ல் வின்ச்சும் 2004-ல் ரோப்காரும் வந்தன. 1,305 படிகள் கொண்ட சோளிங்கர் யோக நரசிம்மர் மலையில் 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரோப்கார் இயங்கத் தொடங்கிற்று. முழங்கால் வலியால் அடிவாரத்திலேயே கைகூப்பித் திரும்பிய முதியவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் இவை பெரும் பாக்கியமாக அமைந்தன என்பதில் ஐயமில்லை. அந்தச் சௌகரியத்தைக் குறை கூறுவது தர்மமும் ஆகாது. ஆனால் வழி சுலபமான அளவுக்கு மலையின் பரப்போ, சுனையின் நீரோ, காட்டின் பொறுமையோ பெருகிவிடவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

ஷிப்டு முறையும் பௌர்ணமியும்

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை கார் உற்பத்தியைத் தொடங்கியதை அடுத்து, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று அரசின் சிப்காட் தொழிற்பேட்டைகள் வரிசையாகப் பெருகின. வட மாவட்டங்களிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய ராஜ்யங்களிலிருந்தும் இளைஞர்கள் இங்கே வந்து குடியேறினார்கள். விதைப்பு, அறுவடை, ஊர்த் திருவிழா என்ற சுழற்சியில் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள், மூன்று ஷிப்டுகளும் ஒரு வார விடுமுறையும் கொண்ட வேறொரு கால ஒழுங்குக்குள் புகுந்தார்கள். கையில் மாதச் சம்பளம் உண்டு. வாசலில் இருசக்கர வாகனம் உண்டு. ஒரே அறையில் தங்கும் நண்பர்கள் உண்டு. ஓய்வோ ஓர் இரவும் ஒரு பகலும்தான். இந்த அளவுக்குள் அடங்கக்கூடிய யாத்திரை எதுவோ அதுவே செழிக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

திருவண்ணாமலை கிரிவலம் அந்த அளவுக்கு அமைந்த யாத்திரை. 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையை, இந்திரலிங்கம் தொடங்கி ஈசான்யலிங்கம் ஈறாக எட்டுத் திக்கு லிங்கங்களையும் வணங்கியவாறு வலம் வருவதற்குச் சுமார் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். பகல் ஷிப்டு முடித்துப் புறப்பட்டவர் இரவு முழுவதும் நிலவொளியில் வலம் வந்து விடியற்காலையில் திரும்பிவிடலாம். தலைமுறை தலைமுறையாகச் சிலர் மட்டும் செய்துவந்த பிரதட்சிணம், சென்ற முப்பது நாற்பது ஆண்டுகளில் பௌர்ணமிதோறும் பல லட்சம் பேர் கூடும் மகா சங்கமமாக வளர்ந்துவிட்டது. அரசு போக்குவரத்துக் கழகங்கள் அன்றைக்குச் சிறப்புப் பேருந்துகளை இயக்குகின்றன. சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வரை ஓடிய ரயில் 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

தோழியரோடு செல்லும் பெண்கள்

இந்த மாற்றத்தில் மனம் நிறைந்து வரவேற்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் இளம் பெண்கள். 2024 ஆகஸ்டு 17 அன்று வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட பெண்கள் விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பேர் தங்க வசதி உண்டு என்றால், இந்தப் பெண் உலகத்தின் விஸ்தாரத்தை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். சென்ற தலைமுறைப் பெண் ஒருத்தி கோயிலுக்கு வெளியூர் செல்ல வேண்டுமானால் தகப்பனாரோ, தமையனோ, கணவரோ துணை வர வேண்டும். வீட்டில் நோயும் பிரசவமும் வறுமையும் குறுக்கிடாதிருக்க வேண்டும். இன்று அவளுடைய மகள், தன் உழைப்பில் வந்த பணத்தில், தன்னோடு வேலை செய்யும் அக்காமாரையும் தங்கைமாரையும் துணையாகக் கொண்டு, அண்ணாமலையை வலம் வந்து, வீட்டுக்குப் பிரசாதமும் எடுத்துச் செல்கிறாள். பக்தியோடு சேர்ந்து ஒரு சுதந்திரமும் அந்த இரவு நடையில் அவளுக்குக் கிடைக்கிறது. ஆகையால் கூட்டம் பெருகிவிட்டதே என்று பெருமூச்சு விடுகிறவர்கள், அந்தக் கூட்டத்தில் இதுவரை மலையைக் காணும் வாய்ப்பே இல்லாதிருந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வாசலை அடைப்பது பரிகாரம் ஆகாது.

மலை தாங்கும் பாரம்

எனினும் மலையின் தரப்பையும் கேட்டே ஆக வேண்டும். 2024 டிசம்பர் முதல் தேதி, பெஞ்சல் புயலின் பெருமழையில் அண்ணாமலைச் சரிவு இடிந்து விழுந்து, அடிவாரத்தில் வ.உ.சி. நகரைச் சேர்ந்த ஏழு பேர் மண்ணில் புதைந்து மாண்டார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். அந்தத் துயரத்துக்கு யாத்திரிகர்களைக் காரணமாக்குவது அநியாயம். ஆனால் ஸ்தலம் வளர வளர நகரம் வளர்ந்து, இடமில்லாத ஏழைகள் சரிவில் வீடு கட்டிக்கொள்கிறார்கள் என்பதும், அந்தச் சரிவு மழையில் நனைந்த மண்ணும் பாறையும்தான் என்பதும் மறுக்க முடியாத உண்மைகள். முன்னாண்டுகளில் கார்த்திகை தீபத்தன்று 2,500 பேருக்கு மலையேற அனுமதி அளித்துவந்த அதிகாரிகள், அவ்வாண்டு டிசம்பர் 13-ஆம் தேதி நடந்த தீபத்துக்குப் பொதுமக்களில் ஒருவரையும் மேலே விடவில்லை. மகாதீபம் வழக்கம்போல் ஏற்றப்பட்டது. ஜனங்கள் கீழே நின்று வணங்கினார்கள். தரிசனத்துக்கு ஒரு குறைவும் நேரவில்லை.

திருமலையிலும் இதே பாடம் வேறு உருவில் கிடைக்கிறது. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் வருகிற அந்த மலைக்கு வேண்டிய தண்ணீரைக் கோகர்ப்பம், பாபவிநாசம் முதலிய மலை அணைகளிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. மழை பொய்த்தால் தேவஸ்தானம் கவலையில் ஆழ்கிறது. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தைக்கு இரையானாள். அதன் பின்னர்ப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அந்தப் பாதையில் ஏறலாகாது என்று விதி செய்தார்கள். 2025 ஜனவரி 8 அன்று வைகுண்ட துவார தரிசனச் சீட்டு வாங்கத் திருப்பதியில் திரண்ட நெரிசலில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். மலை இட்ட எல்லையும் கூட்டம் மீறிய எல்லையும் இந்தச் சம்பவங்களில் ஒருசேரத் தெரிகின்றன.

உலகத்தின் மற்ற மலைகளிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. 2013 ஜூன் மாதத்தில் கேதார்நாத்தில் பாய்ந்த வெள்ளமும், 2023 ஜனவரியில் பத்ரிநாத் செல்லும் வழியிலுள்ள ஜோஷிமடத்தில் வீடுகள் வெடித்துப் பூமி தாழ்ந்ததும் பாரத தேசம் முழுவதையும் எச்சரித்தன. ஜப்பானியர் தெய்வமாகப் போற்றும் பியூஜி மலையின் யோஷிதா பாதையில், 2024-ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 4,000 பேர் என்று வரம்பு கட்டி, தலைக்கு 2,000 யென் கட்டணமும் விதித்தார்கள். நம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடைக்கு, நீலகிரியில் சாதாரண நாட்களில் 6,000 வாகனங்களும் வார இறுதியில் 8,000 வாகனங்களும் என்று நீதிமன்றம் உச்ச அளவையும் நிர்ணயித்தது.

நாளைப் பங்கிட்டுக்கொள்வோம்

இந்த வரம்புகளைக் கண்டு, தெய்வத்தைக் காண எண்ணிக்கை விதிப்பதா என்று மனம் வருந்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பணிவோடு சொல்ல விரும்புவது இதுதான்: அளவு பக்திக்கு விரோதமன்று, அது பக்தியின் அங்கம். விரதம் என்பதே உணவுக்கும் உறக்கத்துக்கும் நாமாக விதித்துக்கொள்ளும் அளவுதானே? முன்பு தூரமும் வறுமையும் விதித்த அளவை, இப்போது நம் விவேகம் விதித்தாக வேண்டும்.

அதற்கு வழியும் நம் மரபிலேயே இருக்கிறது. அண்ணாமலை கிரிவலத்துக்கு ஞாயிறு முதல் சனி ஈறாக ஒவ்வொரு கிழமைக்கும் ஒவ்வொரு பலனைப் பெரியோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். பௌர்ணமி ஒன்றே புண்ணிய நாள் என்று அவர்கள் விதிக்கவில்லை; கூட்டத்தை ஏழு நாட்களுக்கும் பகிர்ந்தளிக்கும் யோசனை அந்தப் பலச்ருதிக்குள் அடங்கியிருக்கிறது. ஜனங்கள் கூடும் நாளை ஜனங்களே மாற்றிக்கொள்ளவும் முடியும். வெள்ளைக்காரத் துரைமார்களை ஆங்கிலப் புத்தாண்டன்று மாலையும் பழமுமாகக் காணச் சென்றுகொண்டிருந்தவர்களை, துரைக்கெல்லாம் பெரிய துரையாகிய முருகனிடம் வாருங்கள் என்று திருப்பி, 1917-ல் திருத்தணியில் 365 படிகளுக்கும் பூஜை செய்யும் திருப்படி விழாவை வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கினார். ஒரு துறவியின் சங்கல்பம் ஒரு கூட்டத்தை ஒரு நாளுக்குத் திரட்ட முடிந்ததென்றால், நம் அனைவரின் சங்கல்பம் அதே கூட்டத்தைப் பல நாட்களுக்குப் பிரித்தளிக்க முடியாதா?

இந்தத் தொழிற்பேட்டைகளின் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். தொழிலாளர்களின் வார விடுமுறை சுழற்சி முறையில் வருகிற தொழிற்சாலைகளில், யாத்திரை செல்ல விரும்புவோருக்கு முன்கூட்டியே நாளைக் குறித்துக் கொடுங்கள். இரவு முழுவதும் நடந்து திரும்புகிறவரை மறுநாள் காலை ஷிப்டில் யந்திரத்தின் முன் நிறுத்தாதீர்கள். கம்பெனி பஸ்களை வார நாட்களில் கிரிவலத்துக்கு அனுப்ப முடியுமானால், பல இருசக்கர வாகனங்கள் இரவுச் சாலையில் கண் சொக்கி ஓடும் அபாயமும் நீங்கும். தேவஸ்தானங்களும் அரசாங்கமும் செய்ய வேண்டியது வேறு: மலையின் தண்ணீரையும், சரிவின் பலத்தையும், காட்டின் நிலையையும் நிபுணரைக் கொண்டு கணக்கிட்டு, ஒவ்வொரு ஸ்தலமும் ஒரு நாளில் எத்தனை பேரைத் தாங்கும் என்பதை ஜனங்களுக்குப் பகிரங்கமாகத் தெரிவிக்க வேண்டும், அந்த அளவில் ஏழைக்குரிய இடம் பணக்காரரின் சீட்டுக்குப் போய்விடாமல் காக்கவும் வேண்டும்.

சுங்குவார்சத்திரம் வட்டாரத்துத் தோழர்களே, சகோதரிகளே! அடுத்த விடுமுறையில் மலைக்குப் புறப்படுங்கள், தடையின்றிப் புறப்படுங்கள். ஆனால் பௌர்ணமியல்லாத ஒரு கிழமையைத் தேர்ந்தெடுங்கள். காலில் பலம் உள்ளவர்கள் படியேறி, ரோப்காரை முதியவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். தண்ணீர்ப் புட்டியும் பிளாஸ்டிக் பையும் மலையில் விழாமல் கையோடு கொண்டுவாருங்கள். வனத்துறை அடைத்த பாதையில் ஏறாதீர்கள். முழங்காலால் மலையேறிய மகான் பிறந்த மண்ணில் வேலை செய்கிற நமக்கு, மலையை நோகாமல் வணங்குவது எப்படி என்பதை வேறொருவர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.