பெட்டி மலிவு, டூப்லெக்சர் எங்கே?

சில வருடங்களுக்கு முன்னர் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் பத்து ரிப்பீட்டர்களுக்கு எனக்கு விலை அனுப்பியிருந்தார். ரிப்பீட்டர் என்றால், வோக்கிடோக்கியில் பேசும் பேச்சை உயரமான இடத்தில் இருந்து வாங்கி, அதே நொடியில் கூடிய சக்தியோடு திருப்பி அனுப்பும் பெட்டி. டாக்சிக் கம்பனிகள், தொழிற்சாலைகள், பாதுகாப்பு நிறுவனங்கள் பாவிக்கும் சாமான். ஒன்றின் விலை ஒரு சாதாரண பிறிட்ஜை விடக் குறைவாக இருந்தது. பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு நடத்தும் அமெச்சூர்காரர்கள் இவற்றைத் தேடி வாங்கி மாற்றிப் பாவிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். முற்பணம் அனுப்பவும் ஆயத்தமாகிவிட்டேன்.

என் கடைக்கு வந்து போகும் இளம் பொறியியலாளர் ஒருவர் 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறி வைத்திருப்பவர். அவரிடம் பட்டியலைக் காட்டினேன். அவர் விலையைப் பார்க்கவே இல்லை.

"நானா, இதோட டூப்லெக்சர் வருதா?" என்று கேட்டார்.

அது என்னவென்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து விசாரித்து அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இவை ஏன் மலிவாக வருகின்றன? பழுதானதால் அல்ல. அமெரிக்காவில் வர்த்தக வானொலி பாவிப்போர் 25 கிலோஹேர்ட்ஸ் அகலமான அலைவரிசைகளை விட்டு 12.5 கிலோஹேர்ட்ஸுக்கு மாற வேண்டும் என்று அந்நாட்டு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு கட்டளையிட்டது. கடைசித் தவணை 2013 ஜனவரி 1. ஒடுக்கமான அலைவரிசைக்கு மாற முடியாத நல்ல பெட்டிகள் பல அதனால் வேலையிழந்தன. அமெச்சூர்காரருக்கு அந்தக் கட்டளை பொருந்தாது. அவர்கள் இன்னும் அகலமான முறையிலேயே பேசுகிறார்கள். ஒடுக்கமாக மட்டும் வேலை செய்யும் புதிய பெட்டியை அவர்களுக்குக் கொடுத்தால் பேச்சு வெட்டுப்பட்டுக் கேட்கும். பழையது புதியதை விடப் பொருத்தமாக அமையும் வியாபாரங்கள் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று.

இனி டூப்லெக்சர். ரிப்பீட்டர் ஒரே அன்டெனாவில் ஒரே நேரத்தில் கேட்கவும் வேண்டும், அனுப்பவும் வேண்டும். அனுப்புவது 50 வோட்ஸ் என்று வைப்போம். கேட்க வேண்டிய தூரத்துப் பேச்சு கால் மைக்ரோவோல்ட். அனுப்பும் சக்தி அதைவிட ஏறத்தாழ 400 கோடி கோடி மடங்கு பெரிது. பக்கத்தில் ஒலிபெருக்கி கத்தும்போது எறும்பு நடக்கும் சத்தத்தைக் கேட்கச் சொல்வது போலத்தான். இரண்டையும் பிரித்து வைக்கும் வடிகட்டியே டூப்லெக்சர்.

அனுப்பும் அலையும் கேட்கும் அலையும் எவ்வளவுக்குத் தள்ளி நிற்கின்றனவோ, அவ்வளவுக்கு இந்த வடிகட்டி சிறிதாகவும் மலிவாகவும் இருக்கும். 146 மெகாஹேர்ட்ஸ் பக்கத்து அமெச்சூர் ரிப்பீட்டரில் அந்த இடைவெளி 0.6 மெகாஹேர்ட்ஸ் மாத்திரமே. வர்த்தக ரிப்பீட்டரோடு வரும் சிறிய டூப்லெக்சர் பல மெகாஹேர்ட்ஸ் இடைவெளிக்காகச் செய்தது. இங்கே அது உதவாது. தேவைப்படுவது அரை மீற்றர் உயரமான உலோக உருளைகள், வழக்கமாக நான்கு அல்லது ஆறு. இவற்றின் விலை பெட்டியின் விலையைத் தாண்டிவிடும். கப்பற்கூலியோ நிறைக்கு மட்டுமல்ல, பிடிக்கும் இடத்துக்கும் போடப்படுகிறது. உருளைக்குள் இருப்பது பெரும்பாலும் வெற்றிடம். வெற்றிடத்துக்கும் நாம்தான் கூலி கொடுக்கிறோம்! உருளைகளை இணைக்கும் வயரும் சாதாரண வயராக இருக்கக் கூடாது. இரட்டைக் கவசம் உள்ளதாக இல்லாவிட்டால் சக்தி வழியில் கசிந்து, வடிகட்டிக்குக் கொடுத்த காசு வீணாகும்.

440 மெகாஹேர்ட்ஸ் பக்கம் கதை வேறு. அங்கே அமெரிக்க அமெச்சூர்காரரின் இடைவெளி 5 மெகாஹேர்ட்ஸ். 450 முதல் 470 வரையுள்ள அவர்களது வர்த்தக ரிப்பீட்டருக்கும் அதே 5 தான். எனவே பல பெட்டிகளைச் சற்றுக் கீழே இறக்கி, கூட வரும் சிறிய டூப்லெக்சரையே திருப்பிச் சரிசெய்து பாவிக்கலாம். ஆனால் உலகின் பல நாடுகளில் இந்த அமெச்சூர் பட்டை 430 முதல் 440 வரைதான். அவ்வளவு தூரம் எல்லாப் பெட்டியும் இறங்காது. அமெரிக்காவில் இலாபமான சாமான் இன்னொரு துறைமுகத்தில் பழைய இரும்பாகலாம்.

அலைவரிசையை மாற்றும் விதத்தையும் கேட்க வேண்டும். கணினியால் மாற்றுபவை இலகு. 1970களில் வந்த ஜெனரல் எலெக்ட்ரிக்கின் மாஸ்டர் டூ போன்றவற்றுக்குப் புதிய கிறிஸ்டல் வெட்ட வேண்டும். கட்டுமானம் யானை போல, இன்றும் பலர் அதையே விரும்புகிறார்கள். ஆனால் கிறிஸ்டல் வெட்டிக் கொடுத்து வந்த ஒக்லஹோமா நகரத்துப் பழைய கம்பனி 2017இல் மூடப்பட்டுவிட்டது. உதிரிப்பாகம் கிடைக்கும் இடம் தெரியாமல் எந்தப் பழைய சாமானையும் எடுக்க வேண்டாம் என்பது என் வழக்கம்.

பெட்டி வந்த பிறகும் வேலை இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி அமெச்சூர் ரிப்பீட்டர் பாவனையில் உள்ளபோது 10 நிமிடத்துக்கு ஒரு தடவையாவது தன் அழைப்புக்குறியை அறிவிக்க வேண்டும்; அதற்கு ஒரு கட்டுப்பாட்டுச் சேர்கிட் தேவை. வாகன வானொலிகள் இரண்டை இணைத்துச் செய்த ரிப்பீட்டர் என்றால் சக்தியைக் குறைத்து மின்விசிறி பூட்ட வேண்டும். இடைக்கிடை பேசுவதற்காகச் செய்தவை அவை. மணிக்கணக்கில் ஓடினால் சூடேறி எரிந்து போகும்.

இன்னொன்றையும் வியாபாரிகளாகிய நாம் தெரிந்திருக்க வேண்டும். அமெச்சூர் அலைவரிசையில் கூலி வாங்கித் தொடர்பு நடத்த முடியாது. டாக்சி ஓட்டவோ கடைக்கு ஓடர் எடுக்கவோ முடியாது. வாங்குபவர்கள் சொந்தக் காசைச் செலவழிக்கும் ஆர்வலர்களும் அவர்களது கழகங்களும்தான். சந்தை சிறியது. இலங்கையில் இந்தக் கருவிகளைக் கொண்டுவருவதற்கு முன்னரே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியை எடுக்க வேண்டும். சுங்கத்தில் சாமானை வைத்துக்கொண்டு ஓடித் திரிவதில் பலனில்லை.

நான் விற்பனையாளருக்கு மூன்று கேள்விகள் எழுதினேன். எந்த அலைவரிசை? அகலமா, ஒடுக்கமா? டூப்லெக்சர் உண்டா? மறுநாள் பதில் வந்தது. பத்தும் 450க்கு மேற்பட்டவை, பத்திலும் டூப்லெக்சர் கழற்றப்பட்டிருந்தது. இரண்டாவது கேள்விக்குப் பதிலே இல்லை. வேண்டாம் என்று எழுதினேன். அன்று மாலையே விலையில் கால்வாசி குறைத்து மீண்டும் அனுப்பினார்.