வியாபாரமும் கம்பியூட்டரும் சேர்ந்த படிப்பு: நம் பிள்ளைகளுக்கு எட்டுமா?



"வர்த்தகத் தகவல் தொழில்நுட்பம்" என்று பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பு இருக்கிறது. பேரைக் கேட்டவுடனே, "அதெல்லாம் டவுன் பிள்ளைங்க படிக்கிறதுங்க" என்று ஒதுக்கிவிட வேண்டாம். அது நமக்குத் தெரிந்த விசயம்தான்.

காலையில் பெரட்டில் பேர் போடுகிறார்கள். மலையில் கொழுந்து நிறுக்கிறார்கள். அது செக்ரோலில் ஏறி, சம்பளச் சீட்டாக வருகிறது. அதில் சேமலாப நிதிக்கு நம்மிடம் நூற்றுக்கு 8 வெட்டுகிறார்கள், கம்பெனி 12 போடுகிறது. தேயிலையோ கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. 1883இல் தொடங்கிய அந்த ஏலமே 2020 ஏப்ரலில் கம்பியூட்டர் வழிக்கு மாறிவிட்டது. இப்படி நிறுவை முதல் ஏலம் வரை உள்ள கணக்கைப் பிழையில்லாமல் கம்பியூட்டரில் ஓடவைக்க, தொழிலும் தெரிந்து கம்பியூட்டரும் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்குவதுதான் இந்தப் படிப்பு. கணக்கியல், முகாமைத்துவம், புள்ளிவிபரம், புரோகிராம் எழுதுதல் எல்லாம் இதில் வரும். வங்கி, கம்பெனி, ஆஸ்பத்திரி என்று எங்கும் இதற்கு வேலை உண்டு.

எங்கே படிக்கலாம்?

கொழும்புக்குத் தெற்கே தெஹிவளையை ஒட்டிய களுபோவிலயை, பெரியாஸ்பத்திரியால் நம்மவர்கள் அறிவார்கள். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் கங்கொடவிலவில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம். அதன் முகாமைத்துவ பீடத்தில் வணிகத் தகவல் முறைமைப் பட்டம் இருக்கிறது. உயர்தரத்தில் வர்த்தகம் படித்த பிள்ளைக்கு இது நல்ல வழி. களனிப் பல்கலைக்கழகத்திலும் முகாமைத்துவமும் தகவல் தொழில்நுட்பமும் சேர்ந்த பட்டம் உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இவற்றுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மகாபொல, பர்சரி உதவியும் கிடைக்கும்.

இசட் புள்ளி குறைந்தால் சோர்ந்துவிடாதீர்கள். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பி.ஐ.டி. என்ற வெளிவாரிப் பட்டத்தைக் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி நடத்துகிறது. வேலை செய்துகொண்டே படிக்கலாம். வெள்ளவத்தை ராமகிருஷ்ணா வீதியில் 1990இல் தொடங்கிய ஐ.ஐ.டி. போன்ற தனியார் நிறுவனங்களும் உண்டு. ஆனால் அங்கே கட்டணம் பெரியது.

இதைக் கவனியுங்கள்:

அனுமதியில் பெரும்பங்கு மாவட்ட அடிப்படையில் போகிறது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலும் நூற்றுக்கு 5 இடம் உண்டு. எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தோம் என்பதை வைத்தே இது பார்க்கப்படும். உயர்தரத்துக்கென்று பிள்ளையைக் கொழும்புக்கு மாற்றுமுன் நன்றாக யோசியுங்கள்.

காசு கட்டிப் படிப்பதானால், நகையை அடகு வைக்கும் முன்னே, அந்தப் பட்டம் அங்கீகரிக்கப்பட்டதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். விளம்பரத்தையும் தரகரையும் மட்டும் நம்ப வேண்டாம். முழுப் படிப்புக்கும் எவ்வளவு, பரீட்சைக் கட்டணம் தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

படிப்பு இங்கிலீசில்தான் நடக்கும். பல்கலைக்கழகம் போனபிறகு பார்த்துக்கலாம் என்று இருந்தால் முதல் வருசமே தடுமாறும். ஒன்பதாம் வகுப்பிலேயே இங்கிலீசையும் கணிதத்தையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். சாதாரண தரத்தில் கணிதம் கைவிட்டால் பாதிக் கதவு அப்போதே சாத்திக்கொள்ளும்.

உயர்தரப் பெறுபேறு வந்தவுடன் ஆணைக்குழுவின் கைநூலைப் பார்த்து விண்ணப்பத்தை நிரப்புங்கள். விளங்காவிட்டால் நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம். கடைசித் திகதி தவறினால் பிள்ளைக்கு ஒரு வருசம் போச்சு.