திரையில் ஒரே முகம், பட்டியலில் இருபது பேர்

கொலை நடந்த இடத்தில் கிடைத்த அரைகுறைக் கைரேகையைக் கணினியில் ஏற்றுகிறார்கள். ரேகைகள் சரசரவென்று ஓடி, சட்டென்று ஒரு முகமும் பெயரும் முகவரியும் வந்து நிற்கின்றன. அடுத்த காட்சியில் கைது. 2000 அக்டோபரில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கி 15 ஆண்டுகள் ஓடிய ‘சி.எஸ்.ஐ.’ தொடரும், அதைப் பின்பற்றி வந்தவையும் இந்தக் காட்சியை உலகத்துக்கே பழக்கிவிட்டன.

வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இழுக்கும் டி.என்.ஏ. பரிசோதனையை ஒரு மணி நேரக் கதைக்குள் முடிப்பதைக் குறை சொல்ல மாட்டேன். தடயம் சேகரிப்பவரே ஆய்வுக்கூடத்திலும் உட்கார்ந்து, சந்தேக நபரையும் மிரட்டி விசாரிப்பதைக்கூடக் கதைக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். துளி சந்தேகமும் இல்லாமல் ‘இவன்தான்’ என்று சொல்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ரத்தக் கறையைத் தேடத் தெளிக்கும் லூமினால் என்ற ரசாயனத்தையே பாருங்கள். தெளித்த இடம் நீலமாக ஒளிர்ந்தால் தொடரில் அது ரத்தம்தான். நிஜத்தில் பிளீச் ஊற்றிக் கழுவிய தரையும் ஒளிரும், செம்பும் ஒளிரும். அறையை இருட்டாக்கினால்தான் அந்த மங்கல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும். அதுவும் சீக்கிரமே மறைந்துவிடும். ரத்தம்தானா, மனித ரத்தமா, யாருடையது என்பதற்கெல்லாம் தனித்தனிச் சோதனைகள் வேண்டும்.

கைரேகையில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. 2004 மார்ச் 11 அன்று ஸ்பெயினின் மாட்ரிட் நகர ரயில்களில் குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். டெட்டனேட்டர்கள் இருந்த நீல பிளாஸ்டிக் பையில் ஒரு ரேகை கிடைத்தது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யும் அதைத் தன் கணினியில் தேடியது. கணினி கொடுத்தது ஒத்துப்போகக்கூடிய 20 பேரின் பட்டியல். அதற்கு மேல் மனிதக் கண்தான். இரண்டு ரேகைகளையும் அருகருகே வைத்து, கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று நிபுணர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

பட்டியலில் நான்காவதாக இருந்தவர் ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவர். முன்னாள் ராணுவத்தினர் என்பதால் அவர் ரேகை அரசிடம் இருந்தது. எஃப்.பி.ஐ. நிபுணர் ‘இவருடையதே’ என்றார். இன்னும் இருவர் சரிபார்த்து ஆமோதித்தார்கள். பிற்பாடு நீதிமன்றம் நியமித்த நிபுணரும் அதையே சொன்னார். பொருந்தவில்லை என்று ஸ்பெயின் போலீஸ் ஏப்ரலிலேயே தெரிவித்திருந்தும் மே மாதம் அவரைப் பிடித்து அடைத்தார்கள். இரண்டு வாரத்தில், ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று ஸ்பெயின் கண்டுபிடித்தது. எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது, 2006-ல் அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது.

இரு ரேகைகளும் அபூர்வமாக ஒத்திருந்தது உண்மைதான் என்று பின்னர் நடந்த அரசு விசாரணை சொன்னது. ஆனால் வழக்கறிஞரின் தெளிவான ரேகையைப் பார்த்த பிறகு, அதில் இருந்த அடையாளங்களையே பையின் மங்கலான ரேகையிலும் நிபுணர்கள் கண்டிருக்கிறார்கள். இதில் யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் கலங்க வைக்கிறது.

தலைமுடி ஒப்பீட்டின் கதை இன்னும் மோசம். நுண்ணோக்கியில் முடியைப் பார்த்துச் சொன்ன பழைய சாட்சியங்களை எஃப்.பி.ஐ.யே மறு ஆய்வு செய்து 2015-ல் முடிவை வெளியிட்டது. குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக முடியைச் சான்றாக்கிய 268 வழக்குகளில் 257-ல், அறிவியல் அனுமதிப்பதற்கு மேல் நிபுணர்கள் அடித்துப் பேசியிருந்தார்கள். அவற்றில் மரண தண்டனை வழக்குகளும் உண்டு.

தொடர் பார்த்த ஜூரிகள் எல்லா வழக்கிலும் அறிவியல் சான்று கேட்டு, குற்றவாளிகளைத் தப்பவிடுவார்கள் என்று அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் புலம்புவதுண்டு. மிச்சிகன் நீதிபதி டொனால்ட் ஷெல்டன் 2006-ல் சுமார் ஆயிரம் பேரிடம் விசாரித்தார். ஒவ்வொரு குற்ற வழக்கிலும் ஏதாவது அறிவியல் சான்றை எதிர்பார்ப்பதாக 46 சதவீதம் பேர் சொன்னார்கள், ஆனால் சி.எஸ்.ஐ. பார்ப்பதால் தீர்ப்பு பெரிதாக மாறும் என்று அவருக்குத் தெரியவில்லை. என் கவலை வேறு. சான்று வராதபோது கேள்வி கேட்பவர்கள், வந்துவிட்டால் வாயடைத்துப் போகிறார்களே!

மாட்ரிட் தவறுக்குப் பிறகு எஃப்.பி.ஐ. நடைமுறையை மாற்றிக்கொண்டது. சம்பவ இடத்து ரேகையில் என்னென்ன தெரிகிறது என்பதை நிபுணர் முதலில் எழுதி வைத்துவிட வேண்டும். சந்தேக நபரின் ரேகையை அதன் பிறகுதான் பார்க்கலாம்.