பழைய வண்டியும் புதிய உடையவரும்

நாமக்கல்லிலிருந்து சேலம் செல்லும் சாலையில் புதன்சந்தை என்றோர் ஊர் உண்டு. மாட்டுச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அங்கு மாடு பிடிக்க வருகிற குடியானவர், முதலில் பல்லைப் பார்ப்பார்; பிறகு சுழியைப் பார்ப்பார்; நடக்கவிட்டு நடையைப் பார்ப்பார். தரகர் துண்டின் மறைவில் விரலைப் பிடித்து விலை பேசுவார். விலை படிந்தபின் கயிறு மாறும். பழைய கயிற்றை விற்றவர் தம்மிடமே வைத்துக்கொள்வதும், வாங்கியவர் புதுக் கயிறு பூட்டி மாட்டை ஓட்டிச் செல்வதும் நம் நாட்டுப்புற வழக்கம். கயிறு மாறிய கணத்திலிருந்து மாட்டின் நன்மை தீமை இரண்டும் புதியவரைச் சேர்ந்தவை.

நாமக்கல் வட்டாரம் மாட்டுக்கு மட்டுமன்றி மோட்டாருக்கும் பெயர் பெற்றது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் சம்மட்டி ஓசை இவ்வூர்க் காதுகளுக்குப் பழகிய ஒன்று. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் நாடெங்கும் செல்கின்றன. இத்தகைய ஊரில் பழைய வண்டி கைமாறுவது நாள்தோறும் நிகழ்வது. ஆயினும், மாட்டுக்குக் கயிறு மாற்ற மறவாத நாம், மோட்டார் வண்டிக்குக் கயிறு மாற்றப் பலமுறை மறந்துவிடுகிறோம். அதனால் விளையும் இடர் எத்தகையது என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

என்னிடம் 2004-ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பெற்ற மாருதி 800 கார் ஒன்று இருந்தது. 1983 டிசம்பரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கான காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். எனவே 2019-இல் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

இக்கேள்விக்கு விடை காணப் பலரும் பழுதுச் செலவை மட்டும் கணக்கிடுகின்றனர். அது பாதிக் கணக்கே. புதிய கார் வாங்கினால் முதல் சில ஆண்டுகளில் அதன் மதிப்பு விரைந்து தேய்கிறது, அத்தேய்மானமும் செலவுதான். பழைய காரோ மதிப்பில் பெரிதும் தேய்ந்து முடிந்தது. ஆனால் அதன் பழுதுச் செலவு ஆண்டுதோறும் ஏறுகிறது. இவ்விரண்டையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதிப் பார்ப்பதே முறை. என் தாளில் பழைய காரே வென்றது. எனினும் மற்றொன்றும் இருந்தது. 2019 ஜூலை முதல் நாளிலிருந்து நம் நாட்டில் செய்யப்படும் கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை இருத்தல் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. என் பழைய காரில் அது இல்லை. பேரக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் செல்பவன் நான். உயிரைத் தேய்மானக் கணக்கில் எழுத முடியாதன்றோ? ஆதலின் மாற்றுவதென முடிவு செய்தேன்.

இனிப் பழையதற்கு ஓர் உடையவர் வேண்டும். தரகர் ஒருவர் வந்தார். பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பள்ளங்களுக்குப் பட்டி வைத்துப் பெயிண்டு அடித்தால் விலை கூடும் என்றார். பிறகு இரண்டு படிவங்களை நீட்டி, பெயர் எழுதாத இடத்தில் கையெழுத்து மட்டும் போடச் சொன்னார். வாங்குகிறவர் யாரென்று கேட்டேன். "ஆள் வரும்போது எழுதிக்கலாங்க, உங்களுக்குப் பணம் வந்துடுமல்ல!" என்றார். அப்பேச்சு எனக்கு உவப்பாக இல்லை.

காரணம் கூறுகிறேன். 2018 பிப்ரவரி 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒருவர் தம் காரை 2007-இல் விற்றுவிட்டார். அது பின்னர் மேலும் சிலர் கைக்கு மாறியது. ஆனால் பதிவேட்டில் மட்டும் முதலாமவர் பெயரே நின்றது. 2009 மே மாதத்தில் அக்கார் பின்னோக்கி வேகமாக ஓட்டப்பட்டு இருவர்மீது மோதியது. ஒருவர் உயிரிழந்தார், மற்றவர் காயமுற்றார். வண்டிக்குக் காப்பீடும் இல்லை. இழப்பீடு யார் தருவது? உயர் நீதிமன்றம் கடைசியாக வைத்திருந்தவரைக் கைகாட்டியது. உச்ச நீதிமன்றமோ, யார் பெயரில் வண்டி பதிவாகியுள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உடையவர் என்று கூறி, முதலாமவரே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. விபத்தில் அடிபட்டவர், கைமாறிய ஒவ்வொருவரையும் தேடி அலையலாகாது என்பதே அதன் நியாயம். நியாயம் சரிதான், ஆனால் விற்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆனபின், தாம் கண்ணாலும் காணாத விபத்துக்குப் பணம் கட்ட நேர்ந்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

கயிறு மாற்றும் முறை கடினமன்று. ஒரே மாநிலத்துக்குள் விற்கும்போது, விற்பவர் 14 நாட்களுக்குள் படிவம் 29 வாயிலாகப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாட்களுக்குள் படிவம் 30-ஐ அளித்துத் தம் பெயரில் மாற்றிக்கொள்ள வேண்டும். வேற்று மாநிலத்தார் வாங்கினால், தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28 வேண்டும். கடன் வாங்கிய வண்டியாயின், கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35-ஐக் கொடுத்து, பதிவுச் சான்றிலுள்ள வங்கியின் பெயரை முதலில் நீக்கிவிட வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி வாங்கியவருக்கு மாறியதாகவே கொள்ளப்படும். ஆயினும் அவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தல் கடமை. இழப்பீடு கோராமைக்கான தள்ளுபடி வண்டிக்கு உரியதன்று, மனிதருக்கு உரியது. விற்றவர் அதைத் தம் புதிய காருக்குக் கொண்டுசெல்லலாம். சுங்கச்சாவடிக்காகக் கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டாகையும் நீக்கி, அக்கணக்கை முடித்துவிடுங்கள். இல்லையேல் புதியவர் செல்லும் வழிக்கெல்லாம் உங்கள் பணம் கழியும்.

நான் தரகரை அனுப்பிவிட்டு, முதலில் பதிவை ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தேன். பிறகு தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தேன். மோகனூர்ப் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் கணக்கெழுதும் இளைஞர் ஒருவர், மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். தம் தாயாரை வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வண்டி வேண்டும் என்றார். இரண்டாவது கியர் குளிர்காலத்துக் காலையில் விழ மறுக்கும் என்பதையும், இடப்பக்கக் கதவு ஒருமுறை அடிபட்டு டிங்கர் வேலை செய்யப்பட்டது என்பதையும் நானே சொன்னேன். மெக்கானிக் என்னை வியப்புடன் நோக்கினார். விலையில் சிறிது குறைந்தது. ஆயினும், நோயாளியான ஓர் அம்மையார் ஏறும் வண்டியின் குற்றத்தைப் பட்டி பூசி மறைத்துப் பெற்ற பணம், நமக்கு எப்படிச் செரிக்கும்?

வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டலாகாது என்பதையும் அவரிடம் சொன்னேன். பின்னர் இருவரும் ஒன்றாகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் சென்று படிவங்களைக் கொடுத்தோம். அவர் பெயரில் பதிவுச் சான்று வந்ததைக் கண்ணால் கண்ட பின்னரே என் மனம் அமைதியுற்றது.

அதன்பின் விதிகள் சில மாறியுள்ளன. 2022 ஏப்ரல் முதல், 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. 2021-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, மிகப் பழைய வண்டியைப் பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்று கிடைக்கும். அச்சான்றைக் காட்டிப் புதிய கார் வாங்குவோருக்குச் சாலை வரியில் 25 விழுக்காடு வரை சலுகை தரவும், பதிவுக் கட்டணத்தை நீக்கவும் மைய அரசின் விதிகள் வழி செய்துள்ளன. ஆகவே, பழைய வண்டி எல்லாவற்றுக்கும் இன்னொரு மனிதரைத்தான் தேட வேண்டும் என்பதில்லை. பிரேக்கும் அடித்தட்டும் துருவேறி ஓய்ந்த வண்டியை ஏழை ஒருவர் தலையில் கட்டுவதைவிட உடைப்பு நிலையத்துக்கு அனுப்புவதே நேர்மை.

2024-இல் என் பழைய காரின் பதிவு மறுமுறை முடிந்தபோது, அந்த இளைஞர் என்னைத் தேடி வந்தார். கட்டணத்தையும் பழுதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். இருவரும் திண்ணையில் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். தாயார் நலமா என்று கேட்டேன். "நல்லா இருக்காங்க ஐயா. இந்தக் கார்லதான் ஐந்து வருஷமா ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாங்க" என்றார். விற்ற வண்டியைப் பற்றி, விற்றவர் முன்னிலையில், வாங்கியவர் முகமலர்ந்து பேச வேண்டும். கயிறு முறையாக மாறியிருந்தால்தான் அது கைகூடும்.