காசும் காணியும் – 9: முதலுக்கே மோசம்

சிட்னி நகரில் ஒரு வணிக நிறுவனத்தின் அலுவலகம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியப்போகிற நேரம். காற்றில் கதவு படாரென்று அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். பசிபிக் தீவு ஒன்றிலிருந்து வந்த கல். மரம் நாள்பட்டு இறுகிக் கல்லாகிவிட்டது என்றுதான் அங்கே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற இளைஞருக்கு மட்டும் அதன்மேல் ஒரு கண். ஒருநாள் அதில் ஒரு சில்லை உடைத்துப் பரிசோதித்தார். உயர்தரமான பாஸ்பேட்!

நம் விவசாயிகள் சூப்பர் பாஸ்பேட் மூட்டை வாங்குகிறார்களே, அந்த உரம் இந்த வகைப் பாறையிலிருந்துதான் வருகிறது.

கல் வந்த இடம் நவுரு. அது அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது. அதற்குக் கிழக்கே சுமார் 300 கிலோமீட்டரில் பனாபா என்று இன்னொரு குட்டித் தீவு. அங்கும் இதே கல் இருக்கும் என்று கணக்குப் போட்டுக் கப்பலேறினார் எல்லிஸ். இருந்தது. 1900 மே மாதம் அந்தத் தீவுக்காரர்களிடம் ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். பாஸ்பேட்டை வெட்டியெடுக்கும் உரிமைக்கு ஆண்டுக்கு 50 பவுன். ஒப்பந்தக் காலம் 999 ஆண்டுகள். ஆயிரம் என்று எழுதக் கூச்சப்பட்டிருப்பார்கள் போலிருக்கிறது.

சென்ற வாரம் ஜி.டி.பி. (மொத்த உள்நாட்டு உற்பத்தி) என்ற எண் பிறந்த கதையைப் பார்த்தோம். அதற்கு அடித்தளம் போட்ட சைமன் குஸ்நெட்ஸே, 1934-இல் அமெரிக்க செனட்டுக்குக் கொடுத்த அறிக்கையில், இதை வைத்து ஒரு நாட்டு மக்களின் நலத்தை எடைபோட முடியாது என்று எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கையைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க நவுருவைவிடத் தோதான இடம் கிடையாது. மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். தீவைச் சுற்றி ஓடும் சாலை 19 கிலோமீட்டர்தான். இவ்வளவு சின்ன நாட்டில் எந்தக் கணக்கையும் ஒளித்துவைக்க முடியாது.

நவுருவில் 1907-இல் வெட்டத் தொடங்கினார்கள். முதல் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து அந்தத் தொழிலை எடுத்துக்கொண்டன. உலகச் சந்தை விலைக்கும் கீழே, ஏறக்குறைய அடக்க விலைக்கே, பாஸ்பேட் கப்பல் கப்பலாகப் போனது. ஆஸ்திரேலியாவின், நியூசிலாந்தின் மேய்ச்சல் நிலங்கள் செழித்தன. ஆட்டுக் கம்பளியும் இறைச்சியும் உலகத்துக்கு ஏற்றுமதியாயின. ஒரு தீவின் மண்ணைச் சுரண்டி இன்னொரு கண்டத்தின் மண்ணில் தூவினார்கள் என்று சொன்னால் அதில் உவமை எதுவும் இல்லை, நடந்ததே அதுதான்.

1968 ஜனவரி 31 அன்று நவுரு சுதந்திரம் பெற்றது. இரண்டே ஆண்டுகளில் சுரங்கமும் அதன் கைக்கு வந்தது. வந்ததும் பணம் கொட்டியது. எழுபதுகளில் தலா வருமானத்தில் உலகின் முன்வரிசை நாடுகளில் ஒன்று நவுரு. வருமான வரி கிடையாது. மருத்துவமும் படிப்பும் இலவசம். சொந்த விமானக் கம்பெனி. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம். வளர்ச்சி விகிதத்தை மட்டும் பார்க்கிற ஒருவர் அன்றைய நவுருவைக் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பார்.

அதே ஆண்டுகளில் தீவின் நடுப்பகுதியில் என்ன நடந்துகொண்டிருந்தது? அங்கே பாஸ்பேட், பவளப்பாறைத் தூண்களுக்கு இடையில் இட்டு நிரப்பியதுபோல் கிடக்கும். மேலே உள்ள மரங்களை வெட்டி, மண்ணை நீக்கி, இடுக்கில் இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பவை வெறும் ஊசிப் பாறைகள். பல ஆள் உயரம் இருக்கும். அதில் நடக்க முடியாது, உழ முடியாது, வீடு கட்ட முடியாது. தீவின் ஐந்தில் நான்கு பங்கு நிலம் இப்படி ஆனது. மக்கள் கடலோரத்தில் ஒரு வளையம் போலக் குடியிருக்கிறார்கள்.

நம்மூர் மளிகைக்கடை அண்ணாச்சி இரவு கடை சாத்துமுன் கல்லாவை எண்ணும்போது என்ன செய்வார்? முதலைத் தனியே ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்தைத்தான் லாபம் என்பார். கடையின் உத்தரத்தைக் கழற்றி விற்ற காசும் அன்றைய கல்லாவில் கிடந்தால், அதை வியாபாரம் என்று எழுதமாட்டார். இதையே பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜான் ஹிக்ஸ் 1939-இல் இலக்கணமாக வகுத்தார்: வாரத் தொடக்கத்தில் எந்த நிலையில் இருந்தாயோ, வார முடிவிலும் அதே நிலையில் இருந்துகொண்டு எவ்வளவு செலவழிக்க முடியுமோ அதுதான் வருமானம். இந்த இலக்கணப்படி பார்த்தால் நவுருவின் ‘வருமானத்தில்’ பெரும்பகுதி வருமானமே இல்லை. உத்தரம் விற்ற காசு. ஜி.டி.பி.க்கு அந்த வேறுபாடு தெரியாது. விற்றால் சரி, அது கூட்டிக்கொள்ளும்.

பிறகு நடந்ததை உலகப் பத்திரிகைகள் சிரித்துச் சிரித்து எழுதின. லியோனார்டோ டா வின்சியின் காதலைப் பற்றி லண்டனில் 1993-இல் ஓர் இசை நாடகம். அதற்குப் பணம் போட்டது நவுரு அரசு. சில வாரங்களில் திரை இறங்கிவிட்டது. மெல்போர்ன் கட்டடம் 2004-இல் கைமாறியது. 2005 டிசம்பரில், கடன் கட்டவில்லை என்று, நாட்டிடம் எஞ்சியிருந்த ஒரே விமானத்தையும் பறிமுதல் செய்தார்கள். ஊதாரிப் பிள்ளையின் கதையாக இதைச் சொல்லி முடிப்பது எல்லோருக்கும் வசதி. ‘அவர்கள் ஒழுங்காகச் சேமித்திருந்தால்...’ என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணம் பனாபா.

பனாபாவின் பாஸ்பேட் பணத்திலிருந்து 1956-இல் ஒரு சேமிப்பு நிதி தொடங்கப்பட்டது. இன்று அது, பனாபா அடங்கிய கிரிபாட்டி நாட்டின் நிதி. நாடகத்தில் போடவில்லை, மாடி கட்டவில்லை. 1979-இல் பாஸ்பேட் தீர்ந்து சுரங்கத்தை மூடிய பிறகும் அந்த நிதி உயிரோடு இருக்கிறது. அந்த நாட்டு அரசுக்குக் கைகொடுத்தும் வருகிறது. பாடப்புத்தகத்தில் போடத் தகுந்த சிக்கனம். ஆனால் பனாபா மக்கள் எங்கே? இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், 1945 டிசம்பரில், பிரிட்டிஷ் அதிகாரிகள் அவர்களை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஃபிஜியைச் சேர்ந்த ராபி தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்தத் தீவை வாங்கிய பணமும் பனாபாக்காரர்களின் பாஸ்பேட் பங்குதான். இன்றும் அவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் வாழ்கிறார்கள். பணத்தைக் காத்தாகிவிட்டது. ஊரை?

ஊதாரித்தனம் நவுருவின் இரண்டாவது தவறுதான். ஒரு தீவைத் தீவாக வைத்திருப்பதும், அதன் விலையை வங்கியில் வைத்திருப்பதும் ஒன்றுக்கொன்று ஈடு என்று நம்பியது முதல் தவறு. அந்த நம்பிக்கை அவர்களுடையது மட்டுமல்ல. இன்றுவரை நம் பொருளாதாரக் கணக்குகள் எல்லாவற்றின் அடியிலும் கிடப்பது அதுதான்.

இந்தக் கணக்கை முறையாக எழுதிப் பார்த்தவர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர். இலங்கை உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து, பின்னர் மெல்போர்னில் சட்டப் பேராசிரியரான கிறிஸ்டோபர் வீரமந்திரி. வெட்டிப் பாழான நிலத்தைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது என்று ஆராய நவுரு அரசு 1986-இல் அமைத்த விசாரணைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். சுதந்திரத்துக்கு முன் வெட்டிய பகுதிக்கு அந்த மூன்று அரசுகளே பொறுப்பு என்றது குழு. 1989-இல் நவுரு ஆஸ்திரேலியாவைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே வீரமந்திரி அந்த நீதிமன்றத்தின் நீதிபதியானார். இந்த வழக்கில் மட்டும் ஒதுங்கிக்கொண்டார். 1993-இல் சமரசம். ஆஸ்திரேலியா தர ஒப்புக்கொண்டது 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர். ஊசிப் பாறைகளை வெட்டிச் சமப்படுத்தி மண் கொட்டும் வேலைக்கு அது எந்த மூலைக்கு?

கணக்கெழுதும் முறை கொஞ்சம் மாறியிருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2025 மார்ச்சில் ஏற்றுக்கொண்ட புதிய தேசியக் கணக்கு முறைப்படி, நிலத்தடியிலிருந்து எடுத்துத் தீர்த்த வளத்தை இனி உற்பத்திச் செலவாகக் கழிக்க வேண்டும். அண்ணாச்சிக்கு என்றைக்கோ தெரிந்தது. ஆனால் கழிக்கப்போவது ‘நிகர’ உற்பத்தி என்கிற எண்ணில்தான், ஜி.டி.பி. அப்படியே நிமிர்ந்து நிற்கும். தொலைக்காட்சியில் ஓடப்போவது எந்த எண் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நவுரு 2025-இல் தன் குடியுரிமையை விற்கத் தொடங்கியிருக்கிறது. அப்போது அறிவித்த விலை 1,05,000 அமெரிக்க டாலரில் ஆரம்பித்தது. கடல் மட்டம் உயர்ந்துவருகிறது. மக்களில் 90 சதவீதம் பேரைக் கரையிலிருந்து மேட்டு நிலத்துக்குக் குடிமாற்ற வேண்டும், அதற்குத்தான் பணம் என்கிறது அரசு. அந்தத் தீவில் மேட்டு நிலம் என்றால், சுரண்டியது போக ஊசிப் பாறைகள் நிற்கும் அந்த நடுப்பகுதிதான்.

(தொடரும்)