மல்லிகை ஏன் பூக்கவில்லை?

மாணவர்களே, ஆங்கிலக் கதைகளிலும் படங்களிலும் லைலாக் என்னும் ஊதா நிறப் பூவைப் பார்த்திருப்பீர்கள். மணம் மிக்க அந்தப் பூச்செடியை மலாக்காவில் வளர்க்க முடியுமா? வளர்த்தாலும் பூக்காது. குளிர்காலத்தில் பல வாரங்கள் கடுங்குளிரில் இருந்தால்தான் லைலாக்கின் மொட்டுகள் உறக்கம் கலைந்து விரியும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில் இருக்கும் நம் மாநிலத்தில் அந்தக் குளிருக்கு எங்கே போவது?

கவலை வேண்டாம். லைலாக்கின் உறவுச்செடி ஒன்று உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கலாம். மலாய்க்காரர்கள் 'மெலூர்' என்று அழைக்கும் மல்லிகைதான் அது. லைலாக், மல்லிகை, ஒலிவ மரம் மூன்றும் ஒலியேசியே என்ற ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மல்லிகையின் அறிவியல் பெயர் ஜாஸ்மினம் சம்பாக். பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய மலரும் இதுவே.

ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்டத்து வீடுகளில் மல்லிகைக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. ஆனால், "செடி தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை" என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெயில் போதவில்லை

பூ உருவாக நிறைய உணவு தேவை. அதை இலைகள் ஒளிச்சேர்க்கையின் மூலம் தயாரிக்கின்றன. நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். செம்பனை நிழலிலோ கார் நிறுத்தும் கூரையின் அடியிலோ வைத்த செடி இலை விடும், பூ விடாது.

உரம் மாறிவிட்டது

தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன் மிகுந்தால் செடி இலைகளையே பெருக்கும். பூக்க வேண்டிய காலத்தில் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் கூடிய உரத்தை அளவோடு இடுங்கள்.

கவாத்து செய்யவில்லை

இதுவும் ஒரு முக்கியக் காரணம். கிளையின் நுனிமொட்டில் உருவாகும் அக்சின் என்ற ஹார்மோன் கீழ்நோக்கிச் சென்று பக்க மொட்டுகளை வளரவிடாமல் தடுக்கிறது. நுனியை வெட்டினால் அந்தத் தடை நீங்கும்; ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு மூன்று இளங்கிளைகள் வரும். மல்லிகை பெரும்பாலும் புதுத் தளிர்களின் நுனியில்தான் பூக்கும். ஆகவே தளிர் கூடினால் பூவும் கூடும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும், கணுவுக்குச் சற்று மேலே, கிளையின் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள்.

வேர் மூச்சுவிட முடியவில்லை

வேருக்கும் ஆக்சிஜன் தேவை. கெட்டியான செம்மண்ணில் மழைநீர் தேங்கினால் வேர் அழுகும். மண்ணோடு மணலும் மக்கிய உரமும் கலந்து, அடியில் துளையுள்ள பூச்சாடியில் நடுங்கள்.

பூச்சாடியின் அடித்தட்டில் நிற்கும் நீர் இன்னோர் ஆபத்து. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட நீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள்களே போதும். எனவே வாரம் ஒருமுறையேனும் தட்டைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். தேய்க்காவிட்டால் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் அப்படியே இருக்கும்.

புதுச்செடி வேண்டுமா?

அடுக்கு மல்லிகையில் பெரும்பாலும் விதை உண்டாவதில்லை. 15 சென்டிமீட்டர் நீளமுள்ள, பூ இல்லாத தண்டை வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, ஈர மணலில் நட்டு நிழலில் வையுங்கள். சில வாரங்களில் வேர்விடும். பாலிலா இனப்பெருக்கம் என்பதால் புதுச்செடி தாய்ச்செடியைப் போலவே இருக்கும்.

நீங்களே சோதியுங்கள்

ஒரே செடியில் ஒத்த அளவுள்ள 6 கிளைகளைத் தேர்ந்தெடுங்கள். மூன்றின் நுனியை வெட்டுங்கள். மூன்றை அப்படியே விடுங்கள். ஒவ்வொன்றிலும் நூல் கட்டி அடையாளமிட்டு, 8 வாரங்களுக்குத் தளிர்களையும் மொட்டுகளையும் எண்ணி அட்டவணையில் குறியுங்கள். ஒரே செடி என்பதால் மண், நீர், உரம் யாவும் மாறாமல் இருக்கும். கவாத்து ஒன்றே மாறி. நுனியை வெட்டினால் தளிரும் மொட்டும் கூடுகின்றனவா என்பதை உங்கள் அட்டவணையே காட்டும்.