தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை

வெண்கலம், 1839. சிற்பி: சர் பிரான்சிஸ் சான்ட்ரே

1820 முதல் சென்னை மாகாண ஆளுநராக இருந்தவரும், இடைத்தரகரின்றி உழவரிடம் அரசே நிலவரி பெறும் இரயத்துவாரி முறையை வேரூன்றச் செய்தவருமான சர் தாமஸ் மன்றோ 1827இல் காலராவால் இறந்தபின், பொது நன்கொடை திரட்டி இச்சிலை செய்யப் பணிக்கப்பட்டது. செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தில் லண்டனில் வார்க்கப்பட்டு, கப்பலில் வந்து 1839இல் இங்கு நிறுவப்பட்டது. குதிரையின் முதுகில் சேணம் இல்லை. மன்றோவின் தொங்கும் கால்களைத் தாங்க அங்கவடி எனப்படும் மிதிவளையமும் இல்லை. இதைச் சிற்பியின் மறதியாகச் சொல்லும் கதை இன்றும் ஊரில் உலவுகிறது. ஆயினும் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்திலுள்ள நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலையையும் சான்ட்ரே இவ்வாறே அமைத்திருப்பதால், அவர் தெரிந்தே கைக்கொண்ட பாணியாக இதைக் கொள்வதே பொருந்தும்.